ஹயபூசா: 15 மாதம், 11,400 கி.மீ., புதுச்சேரி சாலைகளில்

தேங்காய்த்திட்டு மெக்கானிக் | 12 ஜனவரி 2025, இரவு 9:40

வணக்கம். வண்டி வாங்கிய வாரமே அனுபவம் எழுதச் சொல்லிச் சிலர் கேட்டீர்கள். ஒரு கத்திரி வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. இரண்டும் ஆயிற்று, கூடவே ஒரு புயலும் ஆயிற்று.

வண்டி சுசுகி ஹயபூசா பைக், 2022 மாடல், கறுப்பும் தங்க நிறமும். சென்னையில் ஒருவர் 5,800 கி.மீ. ஓட்டியிருந்ததை 2023 அக்டோபரில் வாங்கினேன். நான் ஓட்டியது 11,400. இந்த மூன்றாம் தலைமுறை வண்டி 2021-ல் வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 16.40 லட்சம். எனக்கு விசைப்படகு இன்ஜின் வேலை. பதின்மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் என்பதால் ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் இரண்டு கேள்வி நிச்சயம் வரும். எத்தனை குதிரை? 300 போகுமா? 1,340 சிசி, 9,700 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 190 குதிரைத்திறன். ஸ்ப்ளெண்டர் எட்டு. அப்போ கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வேகத்தை 299-ல் கம்பெனியே கட்டி அனுப்புகிறது. 1999-ல் வந்த முதல் ஹயபூசா 300-ஐத் தாண்டிப் போனதால், ஜப்பானிய, ஐரோப்பிய கம்பெனிகள் தங்களுக்குள் பேசி அங்கே ஒரு கோடு போட்டுக்கொண்டன. அந்தக் கோட்டின் பக்கம் நான் போனதில்லை, போகும் எண்ணமும் இல்லை.

நான் பேச வந்தது வேறு எண். 7,000 ஆர்பிஎம்மில் 150 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை. புல்லட் 350 தருவது 27. அதைவிட முக்கியம், 7,000 வரை காத்திருக்கவே வேண்டாம், 3,000-லேயே பெரும்பங்கு கைக்கு வந்துவிடும். இழுவை மடி நிறைந்து கனக்கும்போது படகு டீசல் இன்ஜின் அலறாது. ஒரு தடவை முனகும், சத்தம் கொஞ்சம் ஆழமாகும், வலை வந்துகொண்டே இருக்கும். எனக்கு அந்தச் சத்தத்தோடு இருபது வருடப் பழக்கம். ஹயபூசாவில் முதல் நாளே அது கேட்டது.

அரியாங்குப்பம் கடைத்தெருவைத் தாண்டி நோணாங்குப்பம் பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் 35-ல் வந்துகொண்டிருப்பேன். முன்னால் பஸ் ஒதுங்கும். கியர் மாற்றுவதில்லை. வலது மணிக்கட்டைக் கால் அங்குலம் திருப்புவேன், அவ்வளவுதான். உதறல் இல்லை, இழுப்பு இல்லை, பாலத்தின் கைப்பிடிச் சுவர் மட்டும் கொஞ்சம் வேகமாகப் பின்னால் போகும். சுண்ணாம்பாற்றுக் காற்று ஹெல்மெட்டில் படும். இந்தக் கால் அங்குலத்துக்காகத்தான் நான் இந்த வண்டியை வைத்திருக்கிறேன். என் கருத்து இதுதான்: முதலியார்பேட்டையிலிருந்து கடலூர் வரையான நம் சாலைக்கு, 10,000 ஆர்பிஎம்மில் விழிக்கிற ஆயிரம் சிசி சூப்பர்பைக்கைவிட இதுதான் பொருத்தம். அதன் நல்ல பகுதி நம் ஊர் வேகத்திலேயே கிடைக்கிறது.

குறைகளையும் சொல்கிறேன். பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்த்து எடை 266 கிலோ. ஓடும்போது தெரியாது, நிறுத்தித் தள்ளும்போது தெரியும். சரிவில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால் பின்னால் எடுக்க ஆள் தேடணும். தரை இடைவெளி 125 மில்லிமீட்டர்தான். தவளக்குப்பம் பக்கம் உள்தெருக்களில் கட்டியிருக்கும் வேகத்தடைகளில் பின்னால் ஆள் உட்கார்ந்தால் அடி தட்டும். கோணலாக ஏறி, கால்தாங்கியில் லேசாக எழுந்து இறங்குகிறேன். அப்புறம் சூடு. மே மாதம் இந்திரா காந்தி சிலை சிக்னலில் நாலு நிமிடம் நின்றால் ஃபேன் ஓடும், அந்தக் காற்று முழுக்கக் காலில்தான் அடிக்கும். ஜீன்ஸ் போட்டால் தாங்காது. மைலேஜ் எனக்கு 15, 16. டேங்க் 20 லிட்டர்.

பராமரிப்பில் கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது உப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய்வந்தாலே செயின், போல்ட் தலை, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். படகு இன்ஜினுக்கு என்ன செய்கிறோமோ அதேதான்: வந்த அன்றே நல்ல தண்ணி. பிரஷர் பம்ப் வேண்டாம், பேரிங் சீலுக்குள் தண்ணீர் போகும். வாளியும் துணியும் போதும். ஃபோர்க் குழாயை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, செயினுக்கு மசகு எண்ணெய் அடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போவேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.

ஓ.டி. பச்சை | 12 ஜனவரி, இரவு 10:25

நல்ல பதிவு நண்பா. ஆனால் அந்த "பொருத்தம்" என்ற இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) கவாசாகி இசட்எக்ஸ்-10ஆர் சூப்பர்பைக் வைத்திருக்கிறேன், மூன்று வருடம்.

998 சிசி, 203 குதிரை, அதுவும் 13,200-ல். எடை 207. உங்களுடையதைவிட 59 கிலோ குறைவு, ஏறக்குறைய ஒரு ஆள். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் இதை ஓட்டுவது கஷ்டம்தான், மறைக்கவில்லை. முதல் கியரே அதிக வேகத்துக்கானது, கிளட்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே ஊர வேண்டும், இடது முன்கை வலிக்கும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். என் வண்டி 5,000-ல் சாதுவாக இருக்கும். அது விழிக்கிற இடத்துக்கு ரோட்டில் போகவே முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால் முயற்சியும் செய்வதில்லை. விழிக்கவைக்க இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறேன். வருடம் மூன்று நாள், 3.7 கிலோமீட்டர் ட்ராக், எதிரே வண்டி வராது, மாடு வராது. அங்கே நேர் பாதையில் 10,000-ஐத் தாண்டும்போதுதான் பந்தய வீரர் ஜோனாதன் ரே இதே குடும்பத்து வண்டியில் 2015-லிருந்து 2020 வரை தொடர்ந்து ஆறு முறை உலக சூப்பர்பைக் பட்டம் வென்றது ஏன் என்று உடம்புக்குப் புரிகிறது.

உங்கள் வண்டியில் ஆபத்து வேறு மாதிரி. கால் அங்குலம் என்கிறீர்கள். நண்பர் ஹயபூசாவைத் திண்டிவனம் நான்குவழியில் ஓட்டிப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருந்தது. கீழே பார்த்தால் 138. அந்த அமைதிதான் எனக்குப் பயம்.

தேங்காய்த்திட்டு மெக்கானிக் | 12 ஜனவரி, இரவு 11:10

நீங்கள் சொன்ன அமைதி உண்மை. எனக்கும் முதல் மாதத்திலேயே நடந்தது. மொரட்டாண்டி டோல் தாண்டி, 90-ல் போவதாக மனசுக்குள் ஒரு எண்ணம். மீட்டர் 124. அன்று வீட்டுக்கு வந்து மேனுவலை எடுத்து உட்கார்ந்தேன். இந்த வண்டியில் நாமே உச்ச வேகம் குறித்துவைக்கும் வசதி இருக்கிறது. அன்றிலிருந்து 80-ல் வைத்திருக்கிறேன். நான்குவழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு 2018-ல் வைத்த உச்ச வரம்பும் அதுதான்.

வேறொன்றும் செய்தேன். நிற்கும் தூரத்தைத் தாளில் எழுதிப் பார்த்தேன். மணிக்கு 60 என்றால் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். 120 என்றால் 33. கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி என்று வையுங்கள். அதன் பிறகு காய்ந்த தாரில், நல்ல டயரில், 60-லிருந்து நிற்க இன்னொரு 17, 18 மீட்டர். 120-லிருந்து 70 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நாலு மடங்கு. ஆக மொத்தம் 35 எங்கே, 100 எங்கே. முன்னால் 320 மில்லிமீட்டர் இரட்டை டிஸ்க்கும் அதை இறுக்கிப் பிடிக்கும் ப்ரெம்போ ஸ்டைலிமா காலிப்பரும் இருக்கின்றன. அவை கை அழுத்திய பிறகுதான் வேலை செய்யும். அந்த முதல் 33 மீட்டர் நம்முடையது.

கிருமாம்பாக்கத்தில் ஒரு நாள் சாயங்காலம் புல்லுக்கட்டுச் சைக்கிள் ஒன்று திடீரென்று குறுக்கே திரும்பியது. 55-ல் வந்தேன். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் அமைப்பு) லிவரில் துடிப்பது விரலுக்குத் தெரிந்தது, வண்டி நேராக நின்றது. சைக்கிள்காரப் பெரியவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "மெதுவா போப்பா" என்று சொல்லிப் போனார். 55-தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு அந்த உருவமே 100-ல் வந்த மாதிரி இருந்திருக்கும்.

ட்ராக் விஷயத்தில் முழு சம்மதம். இந்த வருடம் உங்களோடு வருகிறேன்.

காலாப்பட்டு மாணவன் | 13 ஜனவரி, காலை 7:15

அண்ணா, நான் யமஹா ஆர்15 ஓட்டுகிறேன். ஒன்றரை வருடம் ஆகிறது. மாமா துபாயிலிருந்து வருகிறார், பழைய ஹயபூசா ஒன்று பார்த்துத் தருவதாகச் சொல்கிறார். எனக்கு வயது 20. நேராக இதற்கு வரலாமா? பவர் மோடு, ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் எல்லாம் இருப்பதால் பயமில்லை என்று கடையில் சொன்னார்கள்.

தேங்காய்த்திட்டு மெக்கானிக் | 13 ஜனவரி, காலை 8:02

தம்பி, வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே, காரணத்தைக் கேள்.

உன் வண்டி 155 சிசி, 18 குதிரை. அதில் ஆக்ஸிலரேட்டரைத் தப்பாகத் திறந்தால் வண்டி முனகும், உனக்குத் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். இதில் அதே தப்புக்கு முதல் கியரிலேயே 100 தாண்டிவிடும். மாமா சொன்ன பழைய ஹயபூசா எந்த வருடம்? 2021-க்கு முந்தையது என்றால் நான் சொல்கிற ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், வளைவில் சாய்ந்திருக்கும்போது வேலை செய்யும் ஏபிஎஸ் இதெல்லாம் அதில் கிடையாது. பெயர் ஒன்றுதான், உள்ளே வேறு வண்டி.

புது வண்டியிலும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் பத்து நிலை இருக்கிறது. பின் டயர் வழுக்குவதைப் பார்த்து இன்ஜினை அடக்கும். ஆனால் காலாப்பட்டுப் பக்கம் வளைவில் காற்று கொண்டுவந்து கொட்டும் மணலில் முன் டயர் போய்விட்டால் எந்தக் கம்ப்யூட்டராலும் பிடிக்க முடியாது.

40 முதல் 70 குதிரை வரை உள்ள வண்டி ஒன்று எடு. இரண்டு மழைக்காலம் ஓட்டு. அதற்குள் ஒரு தடவை இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சிக்குப் போ. அப்புறம் என் வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். இதை வாக்காகவே எடுத்துக்கொள்.

இரவுப்பணி | 13 ஜனவரி, பிற்பகல் 2:30

நான் வண்டி ஓட்டுகிறவள் இல்லை. தம்பி ஓட்டுகிறான், அவனுக்காக இங்கே படிக்க வருவேன். ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியர். அந்த மாணவருக்கு ஒன்று சொல்லணும்.

கீழே விழும்போது மனிதன் முதலில் கையை ஊன்றுகிறான். அது யோசித்துச் செய்வதில்லை, உடம்பு தானாகச் செய்வது. கையுறை இல்லாமல் வருகிறவர்களின் உள்ளங்கையில் தாரும் மணலும் தோலுக்கு அடியில் ஏறியிருக்கும். அதைத் தேய்த்துக் கழுவித்தான் எடுக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டாலும் வலிக்கும். இரண்டாவது கணுக்கால். செருப்போடு வருகிறவர்களுக்கு எப்போதும் அதே பக்கம், அதே எலும்பு. பெரிய வண்டி, சின்ன வண்டி வித்தியாசம் கிடையாது.

ஹெல்மெட் போட்டும் தலையில் அடிபட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். முகவாய்ப் பட்டையை மாட்டியிருக்க மாட்டார்கள். வண்டி ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் போகலாம், அதற்கு மேல் கூடாது.

இன்னொன்று, எல்லாருக்கும். விழுந்தவர் பேசிக்கொண்டு, மூச்சு விட்டுக்கொண்டு இருந்தால் அவசரப்பட்டு ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு விடவில்லை, கழற்றியே ஆகணும் என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கழுத்தையும் தாடையையும் கீழிருந்து தாங்க, மற்றவர் மெதுவாக எடுக்க வேண்டும்.

ஓ.டி. பச்சை | 13 ஜனவரி, பிற்பகல் 3:05

நன்றி சிஸ்டர். இதை நகல் எடுத்து எங்கள் கடலூர் குழுவில் போடுகிறேன்.

மஞ்சக்குப்பம் 350 | 13 ஜனவரி, மாலை 6:48

பிள்ளைகள் பேசுவதைக் கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு 67 வயது. என்னிடம் ராஜ்தூத் 350 இருக்கிறது, 1985-ல் வாங்கியது, இன்னும் வீட்டில்தான் நிற்கிறது. யமஹா ஆர்டி350-ஐ இங்கே எஸ்கார்ட்ஸ் கம்பெனி செய்து விற்றது, 1983-லிருந்து. முதலில் வந்தது 30.5 குதிரை. அப்புறம் பெட்ரோல் குடிக்கிறது என்று குறைத்து 27 குதிரையில் ஒன்று விட்டார்கள். என்னுடையது முதல் வகை. அந்தக் காலத்தில் கடலூர்–பாண்டி சாலையில் அம்பாசிடரும் புல்லட்டும்தான் வேகம். 30 குதிரை என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

மெக்கானிக் தம்பி டார்க் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. என் வண்டி நேர் எதிர். டூ ஸ்ட்ரோக். கீழே ஒன்றுமே இருக்காது, திடீரென்று வரும். முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். வேகமாகப் போகத் தெரிந்த அளவு நிற்கத் தெரியாத வண்டி. என்னோடு ஓட்டியவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. நான் பிழைத்தது என் திறமையால் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்தப் பையனுக்கு நீங்கள் சொன்ன பதிலைப் படித்ததும் மனசு நிறைந்தது.

ஒரே ஆசை. 190 குதிரை என்றால் உடம்பில் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்கணும். ஓட்ட வேண்டாம், பின்னால் உட்கார்ந்தால் போதும்.

தேங்காய்த்திட்டு மெக்கானிக் | 13 ஜனவரி, இரவு 8:20

ஐயா, ஞாயிறு காலை ஐந்தரைக்கு மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன். உங்கள் அளவுக்கு ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் கொண்டுவருகிறேன். ஷூ மட்டும் போட்டு வாருங்கள்.

பெண்ணையாறு | 14 ஜனவரி, காலை 10:10

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. கேள்வி ஒன்று. டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு. என் பல்சர் முழுக்க மூழ்கியது. தெரிந்த பணிமனை ஒன்றில் வண்டி வந்ததுமே செல்ஃப் அடித்துப் பார்த்தார்கள். டக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. இப்போது இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார்கள். புயலில் உங்கள் வண்டியை எப்படிக் காப்பாற்றினீர்கள்?

தேங்காய்த்திட்டு மெக்கானிக் | 14 ஜனவரி, மதியம் 12:35

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அந்தச் சத்தம் பெரும்பாலும் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்த சத்தம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால் ஏதாவது ஒன்று வளைந்தே ஆகணும். மூழ்கிய எந்த இன்ஜினிலும் முதல் விதி, ஸ்டார்ட்டரைத் தொடாதே. பேட்டரி வயரைக் கழற்று. ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, வண்டியைக் கியரில் வைத்துப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே விடு. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திற. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் இறக்கிவிட்டுப் புதிது ஊற்று, கொஞ்ச நேரம் ஓட்டி அதையும் இறக்கு. படகுகளில் இதை வருடம் நாலு தடவை செய்கிறேன்.

என் கதை இது. நவம்பர் 30 ராத்திரி. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் நகரவில்லை, ஊர்மேலேயே நின்று கொட்டியது. ஒன்பது மணிக்குத் தெருவில் கணுக்கால். பதினொன்றுக்கு முட்டி. வண்டி வாசலில் கூரைக்குக் கீழே. எங்கள் வீடு பழைய வீடு, திண்ணை இரண்டரை அடி உயரம். பட்டறையில் படகு ஏற்ற வைத்திருந்த பலகை இரண்டை எடுத்துவந்து சாய்த்துப் போட்டோம். முன்னால் கைப்பிடியில் நான், பின்னால் தம்பியும் எதிர்வீட்டு இரண்டு பேரும். முன் ஃபோர்க்கின் அடியில் கயிறு கட்டி வாசல் தூணில் ஒரு சுற்றுப் போட்டு, என் மனைவி ஒவ்வொரு அடி ஏறியதும் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். பலகை ஈரம், வழுக்கியது. 266 கிலோ ஒரு கணம் பின்னால் வந்தது. அந்தத் தூண்தான் நிறுத்தியது. மேலே ஏறியதும் ஸ்டாண்டு போட்டு, அப்படியே அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் சக்கரத்தின் அச்சு வரைதான் தொட்டிருந்தது. இன்ஜினுக்குள் போகவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பேரிங் பார்த்தேன். பின்னால் ஒன்றில் கரகரப்பு, மாற்றிவிட்டேன். பிரேக் பேடை எடுத்துத் தேய்த்துப் போட்டேன். செயினை மண்ணெண்ணெயில் கழுவினேன்.

பிரித்து வைத்த உங்கள் இன்ஜினைப் படம் எடுத்துப் போடுங்கள். ராடு ஒன்றுதான் போயிருந்தால் செலவு பயப்படும் அளவுக்கு வராது.

காலாப்பட்டு மாணவன் | 17 ஜனவரி, இரவு 9:05

அண்ணா, மாமாவிடம் பேசிவிட்டேன். ஹயபூசா வேண்டாம் என்று சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். 400 சிசி ஒன்று பார்க்கிறோம். செவிலியர் அக்கா சொன்னபடி முதலில் கையுறையும் பூட்ஸும் வாங்கினேன். உங்கள் வண்டிக்கு டயர் காற்று எவ்வளவு வைக்கிறீர்கள்? இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

தேங்காய்த்திட்டு மெக்கானிக் | 17 ஜனவரி, இரவு 9:30

முன்னும் பின்னும் 42 பிஎஸ்ஐ, டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில். ஆனால் அது என் வண்டிக்கு. நீ வாங்கும் வண்டியில் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதைப் பார். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

மஞ்சக்குப்பம் 350 | 19 ஜனவரி, காலை 11:20

போய்வந்துவிட்டேன். தம்பி ஐந்து இருபதுக்கே வந்து நின்றார். மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டி, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளம் வரை. 80-ஐத் தாண்டவில்லை.

ஒரே ஒரு இடம். மரக்காணத்துக்கு முன்னால் நேர்ச்சாலை, எதிரே ஒன்றுமில்லை. "ஐயா, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்றார். 30-லிருந்து 80, எவ்வளவு நேரம் என்று எண்ணத் தோன்றவில்லை. என் வண்டியாக இருந்தால் முதலில் சத்தம் வரும், புகை வரும், அதற்குப் பிறகு வேகம் வரும். இதில் முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்தித் தள்ளிய மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. மறுபடி 80-ல் அப்படியே நின்றது. உப்புப் பாத்தியில் சூரியன் வந்துகொண்டிருந்தது. இறங்கி நின்று டீ குடித்தோம். அவர் முதலில் செய்த வேலை, துணியை எடுத்து ஃபோர்க் குழாயைத் துடைத்தது.

வீட்டுக்கு வந்து என் 350-ன் மேல் போட்டிருந்த சாக்கை எடுத்தேன். ஏழு வருடமாக ஓடவில்லை. தம்பி அடுத்த வாரம் வந்து இன்ஜினைப் பிரிக்கிறேன் என்கிறார். கிராங்க் சீல் இரண்டு பக்கமும் வேண்டும், அசல் யமஹாவாக இருந்தால் நல்லது. கடலூர், பாண்டி, விழுப்புரம் பக்கம் யாரிடமாவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.